ஞாயிற்றுக்கிழமை எழுதிய மழை

1

என் மகள் எஸ்தர் விமானம் ஏறமாட்டாள். பயம் ஒன்றும் இல்லை, கொள்கை. விமானப் புகை பூமியைச் சூடாக்குகிறது என்பதால் பதினேழு வயதில் அவள் எடுத்த முடிவு. இதை அவள் சாப்பாட்டு மேசையில், நான் இரண்டாவது முறை ரசத்துக்குக் கை நீட்டிய நேரத்தில் அறிவித்தாள். அன்று காலைதான் ஜவ்வாது மலையிலிருந்து என் அண்ணன் சாமுவேல் போன் செய்து, தன் மகள் கிரேஸுக்குத் தை மாதம் கல்யாணம் என்று சொல்லியிருந்தான்.

"பெரியப்பா வூட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டியா?" என்றேன்.

"கிரேஸ் அக்காவ எனக்குப் புடிக்கும்ப்பா. பிளேன்தான் புடிக்காது."

நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் வேலூர்ப் பக்கத்துத் தமிழ் பேசுவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு வேறு தமிழ் தெரியாது. இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் யாழ்ப்பாணத்து டீச்சர் எட்டு வருஷம் முயன்று அவளுடைய 'இன்னா'வை 'என்ன' ஆக்கப் பார்த்தார். கடைசியில் டீச்சர் ஓய்வுபெற்றார். 'இன்னா' இருக்கிறது.

வராமல் இருக்க அவள் சாக்குச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் இந்தியா வரை போக முடியுமா என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நாட்டின் விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் 'பெரியப்பா மகள் திருமணம்' என்று எழுதி அனுப்பினாள். திருமணம் எங்கள் நாட்டில் நடக்கிறதா என்று கேட்டு பதில் வந்தது. இல்லை, இந்தியாவில் என்று எழுதினாள். அப்படியானால் ஏன் விமானத்தில் போகவில்லை என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அவள் எழுதிய விளக்கம் ஒன்றரைப் பக்கம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

2

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பூமி சூடாவது மனிதனால்தான் என்பதை நான் நம்புகிறவன் இல்லை. குறைந்தபட்சம், அதை நம்புகிறேன் என்று வாய் திறந்து சொன்னவன் இல்லை. நான் வேலை பார்ப்பது கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வால்வு பழுதுபார்க்கும் பட்டறையில். ஆகவே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள் என்று என் மனைவி ஜாய்ஸ் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

ஆனால் பத்தொன்பது வருஷம் இந்த நாட்டில் இருந்துவிட்டு யாரையும் அப்படியே நம்புவது கஷ்டம். எண்ணெயை எடுத்து ஊருக்கெல்லாம் விற்கிறார்கள். விற்ற காசில் மின்சாரக் கார் வாங்கி, காற்றைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன், பால் டப்பாவைக் கழுவிக் காயவைத்துத்தான் குப்பையில் போடுவார். வருஷத்துக்கு மூன்று முறை வெயில் காய ஸ்பெயினுக்குப் பறப்பார். போன வருஷம் எங்கள் வீட்டுப் பழைய இரும்பு விறகடுப்பை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதன் புகை விதிகளுக்கு இணங்கியது அல்ல என்று அதில் இருந்தது. ஒரு மனிதனின் அடுப்புப் புகையை இவ்வளவு மரியாதையான மொழியில் குற்றம் சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் மலையில் மரியாதையெல்லாம் கிடையாது. இந்தக் கதையை எஸ்தருக்கு அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து நூறு முறையாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் காவலூரைத் தாண்டி. காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்கள் மேகத்தைத் திட்டுவார்கள், நாங்கள் மேகம் வரவில்லை என்று திட்டுவோம். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் மழை வரவில்லை. கொள்ளு கருகியது. தை மாதத்திலேயே கிணறுகளில் பாறை தெரிந்தது. மாசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வறட்சி நிவாரணத்துக்கு ஊரைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர். என் அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார்.

வெள்ளையன் என்று ஒரு விவசாயி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் அவர் நிலம். அவர் முன்னால் வந்து, "மழ பேயவே இல்லிங்க சாமி" என்றார்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். "எல்லா வருசமும் பேஞ்ச மாதிரிதான் பேஞ்சிருக்குது. கணக்கு இதோ கீது. நீங்க காட்ட வெட்டி எரிச்சீங்க, மண்ணு அடிச்சிக்கினு போச்சு, கெணத்துல தண்ணி நிக்கல. நீங்க பண்ண வேலைக்கு வானத்த குத்தம் சொல்லாதீங்க."

நிவாரணம் வரவில்லை. அப்பா தூணோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துச் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

அன்றிலிருந்து, கையில் காகிதம் வைத்துக்கொண்டு 'நீ செய்த பாவத்தால்தான் வானம் இப்படி ஆனது' என்று யார் சொன்னாலும் எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். வெறும் வயிற்றோடு நிற்கிறவனைக் குற்றவாளி ஆக்கிய காகிதம் அது. காகிதத்தை நம்பாதே, போய் நேரில் பார் என்று எஸ்தருக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அவள் காகிதங்களை நிறையப் படித்தாள், நேரிலும் போய்ப் பார்த்தாள், பச்சைக் கொடி பிடிக்கும் இளைஞர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

3

பந்தயம் கட்டியது நான்தான். வீட்டில் கோபத்தில் பேசினால் யார் தோற்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எஸ்தர் சொன்னாள்: ஜவ்வாது மலையில் முன்பெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காக வந்தது, மனிதன் கெடுத்த பிறகுதான் தாறுமாறானது. நான் சொன்னேன்: மழை எந்தக் காலத்திலும் தாறுமாறுதான், நான் பிறந்ததிலிருந்தே அது சொன்ன பேச்சுக் கேட்டதில்லை.

"ஆதாரம் கீதா?" என்றாள்.

இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக் கொல்லையில் ஒரு மழைமானி வைத்தார்கள். மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குழல். தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும், மாதம் முடிந்ததும் ஒரு கார்டில் கீழே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்பா ஓய்வுபெறும் வரை பதினோரு வருஷம் அந்த நோட்டு எழுதப்பட்டது. அண்ணன் வீட்டுப் பீரோவில் இன்னும் இருக்கிறது.

"தாத்தா நோட்டுல மழ தாறுமாறா இருந்துச்சுன்னா பேசாம நான் பிளேன்ல வர்றேன்" என்றாள் எஸ்தர். "ஒழுங்கா இருந்து, அப்புறமா கெட்டிருந்தா, இனிமே நீ மேசையில உக்காந்து எங்களக் கிண்டல் பண்ணக்கூடாது."

கை குலுக்கினோம். எனக்கு விமான டிக்கெட்டே கண்ணில் தெரிந்தது. மழை பொய்த்த வருஷத்தை நான் கண்ணால் பார்த்தவன் அல்லவா?

கல்யாணப் பெண் கிரேஸ், புடவை எடுக்கும் வேலைக்கு நடுவில், பதினோரு வருஷ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்களையும் கணினியில் அடித்து அனுப்பினாள். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தாள். எண்கள் இருக்கும்போது படத்தை யார் பார்க்கிறார்கள்? எஸ்தர் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைபடம் போட்டாள்.

போட்டு முடித்துக் கணினியை என் பக்கம் திருப்பினாள். முதல் மூன்று வருஷமும் மழை ஒன்றுபோல ஒன்று, மாடிப்படிக் கைப்பிடி மாதிரி சீராக இருந்தது. வாரத்துக்கு வாரம், கிட்டத்தட்ட அதே அளவு. நான்காவது வருஷத்திலிருந்து கோடு அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டியாக ஓடியது. அந்த இடத்தில் சிவப்பில் ஒரு கோடு கிழித்து 'இங்கேதான் முறிந்தது' என்று எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இதை வைத்துத்தான் பேசப்போகிறாளாம். தலைப்பு 'என் தாத்தாவின் மழை'. முகத்தில் வெற்றிச் சிரிப்பு எதுவும் இல்லை. நிஜமாகவே துக்கம் இருந்தது. "பாருப்பா, எவ்ளோ அழகா பேஞ்சிக்கினு இருந்துச்சு" என்றாள்.

நான் ஒன்பதாம் வகுப்பு வருஷத்தைத் தேடினேன். கொள்ளு கருகிய கார்த்திகையில் திங்கள் 12.4, செவ்வாய் 8.7, புதன் 23.1 என்று அருமையாகப் பெய்திருந்தது. நாலு நாள் யாரையும் கிண்டல் பண்ணாமல் சாப்பிட்டேன். அதிகாரி சொன்னது சரிதானோ, வெள்ளையன்தான் பொய் சொன்னாரோ என்றுகூட நினைத்தேன். என் கண்ணையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். பச்சைக் கொடிக்காரர்கள் இதைத்தான் மனமாற்றம் என்கிறார்கள் போலும்.

4

அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு மட்டும் ஜாய்ஸ் என்னைக் கட்டாயம் சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போவாள். பெர்கனில் மழை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்களைச் சேர்த்து முப்பது பேர் இருந்தோம். சர்ச் நானூறு பேருக்குக் கட்டியது.

ஆராதனை தொடங்குமுன் வேலையில்லாமல் சுவரைப் பார்த்தேன். அன்றைக்குப் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைத் தொங்கவிடும் மரப்பலகை. எங்கள் மலைச் சர்ச்சிலும், அதை நாங்கள் கோவில் என்போம், அச்சு அசலாக இப்படி ஒன்று இருந்தது. வரிசையாக ஐந்து எண்கள். நான்காவது எண்ணில் ஓர் ஒன்பது இருந்தது. 'இந்தப் பாட்ட நம்ம ஊர்ல பாட முடியாதே' என்று மனசு தானாகச் சொன்னது.

ஏன் பாட முடியாது? எங்கள் பலகையில் எண்களுக்குத் தகரத் தகடுகள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு, திருப்பி மாட்டினால் போதும். அந்தத் தகடு நான் பிறப்பதற்கு முன்பே தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஆறோ ஒன்பதோ வரும் பாட்டுகளை ஆராதனை நடத்தும் உபதேசியார் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டார். மிச்சம் இருந்த எண்களில் எங்கள் சபைக்கு ராகம் தெரிந்த வருகைக் காலப் பாட்டுகள் சொற்பம். அதனால் வருஷா வருஷம் அதே வாரத்தில் அதே ஐந்து பாட்டு. 124. 87. 231.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் எழாத நேரம். ஜாய்ஸ் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

மழைக்காலம் வந்தால் அப்பாவுக்கு இளைப்பு வந்துவிடும். ஏழாம் வகுப்பிலிருந்து ஐப்பசி முதல் மார்கழி வரை மழைமானி என் பொறுப்பு. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு வாரம், பழகிக்கொள்ள, ஒழுங்காகப் போனேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடக் கொல்லை கொஞ்ச தூரம்தான், ஆனால் வழியெல்லாம் அட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உபதேசியார் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனபோது பலகையைப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். பலகையில் ஐந்து எண். கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அசல் மழை. சனிக்கிழமைக்கு பூஜ்யம். ஞாயிறு மட்டும் கோவிலுக்குப் போகிற வழி என்பதால் நிஜமாகவே அளப்பேன். வரப்போகும் வாரத்தின் மழையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எழுதி முடித்துவிடுவேன். வானிலை அறிக்கைக்காரர்கள் இன்றுவரை அந்தத் துணிச்சலுக்கு வரவில்லை.

அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். "நேத்து மழ சத்தமே கேக்கலியேடா, பன்னெண்டு போட்டுக்கிற?"

"நீ தூங்கிட்ட பின்ன பேஞ்சுதுப்பா."

அவர் தன் காதைவிட என் எழுத்தை நம்பினார். அது இப்போது, ஐம்பத்திரண்டு வயதில், பெர்கன் சர்ச்சில், சுருக்கென்று குத்தியது.

ஆக, எஸ்தர் சொல்வது ஒருவகையில் சரி. ஜவ்வாது மலையின் வானிலையை மனிதன்தான் மாற்றியிருக்கிறான். அந்த மனிதன் நான்.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் அனுப்பிய படங்களை முதன்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது மூன்று வகுப்பும் என் கையெழுத்து, வாலை நீட்டிப் போடும் ஏழு என்னுடையதுதான். பத்தாம் வகுப்பு ஐப்பசி முதல் அப்பாவின் கையெழுத்து. எனக்கு நினைவு இருக்கிறது. அந்த வருஷம் அவர் இளைப்போடு, குடையை எடுத்துக்கொண்டு, தானே போனார். "பரீட்ச வருது, நீ படி" என்றார். எனக்கு விடுதலை கிடைத்த சந்தோஷம், வேறெதுவும் தோன்றவில்லை. சிவப்புக் கோடு விழுந்த இடம் அதுதான். முறிந்தது மழை இல்லை.

ஒன்பதாம் வகுப்புக் கார்த்திகைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. கிரேஸ் அதைக் கணினியில் அடிக்கவில்லை. எண் இல்லையே. அப்பாவின் எழுத்து. 'மழை இல்லை.'

ஜீப்பில் வந்தவர் கையில் இருந்த காகிதம் எங்கிருந்து வந்தது என்று நாற்பது வருஷமாக நான் யோசித்ததே இல்லை. மாதா மாதம் கார்டு போட்டதே நாங்கள்தானே. அப்பா என்னைப் பார்த்தது தண்ணீருக்காக இல்லை. அவர் எழுந்து, அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யார் எழுதியது என்ற கேள்வி வந்திருக்கும். அவர் ஊரைக் காப்பாற்றாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

5

சும்மா இருந்திருக்கலாம். வியாழக்கிழமை எஸ்தர் பேசியிருப்பாள், கைதட்டியிருப்பார்கள். அவள் தாத்தா பெர்கனில் நாலு பேருக்குத் தெரிந்தவர் ஆகியிருப்பார். நானும் பந்தயத்தில் தோற்றவனாக மரியாதையோடு இருந்திருப்பேன். ஆனால் ஒரு பொய்யான எண் ஒரு தடவை வெளியே போய் என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். இரண்டாவது தடவை என் பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்ப முடியாது. மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதம். அடுக்களையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் நம்பல" என்றாள்.

"இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறேன்?"

"பந்தயத்துல தோத்துட்ட. என் வரைபடத்த ஒடைக்க கத கட்டுற. ஆதாரம் கீதா?"

நான் வளர்த்த பிள்ளை. கோபப்பட முடியவில்லை.

"முதல் மூணு வருசம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். எங்கயாவது ஒரு ஆறோ ஒம்போதோ இருந்தா காட்டு" என்றேன்.

கணினியில் தேடினாள். வேறு மாதிரி தேடினாள். கிரேஸ் அடித்ததில் தப்பு இருக்குமோ என்று நோட்டின் படங்களைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். நான் டீ போட்டேன். டீ ஆறியது.

"ஞாயித்துக்கெழமைங்கள்ல கீது" என்றாள் கடைசியில். "மத்த நாள் ஒண்ணு கூட இல்லப்பா."

"தகடு இல்லம்மா."

12.4 இருந்த இடத்தில் விரல் வைத்தாள். "இது இன்னா பாட்டு?"

பாடினேன். என் குரல் பாடுவதற்கு ஏற்றது இல்லை, அதுவும் அந்த ராகம் மேலே போகும். நாலு வரி வரைக்கும் போனேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, தலையைக் குனிந்திருந்தாள். ஜீப் கதையில் வெள்ளையன் வரும் இடம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நான் சொல்வதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அப்போ அந்த ஆபீசர் வெச்சிருந்த காயிதம்..."

"ஆமா."

அவளுடைய ஆறிய டீயை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

நான் அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். சூழ்நிலையை இலேசாக்கலாம் என்று நினைத்து, "பாத்தியா, உங்க ஆளுங்க காட்டுற வரைபடமெல்லாம் இப்பிடித்தான் வருது. அப்போ பந்தயத்துல ஜெயிச்சது நான்தானே?" என்றேன்.

எஸ்தர் நிமிர்ந்தாள். "உலகத்துல இருக்கிற எல்லா மழைமானியையும் நீயாப்பா படிச்ச? மத்த எடத்துலலாம் எட்டரைக்கு எழுந்து போய்ப் பாத்தவங்க கீறாங்க. தாத்தா பாத்தாரு, இளைப்போட. நீ பந்தயத்துலயே இல்ல. நீ அடிச்சுட வேண்டிய தப்புக் கணக்கு."

சொல்லிவிட்டு அடித்தாள். மூன்று வருஷத்தின் திங்கள் முதல் சனி வரை எல்லாவற்றையும் நீக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அங்கங்கே புள்ளியாக நின்றன. ஒன்பதாம் வகுப்பின் கார்த்திகை ஞாயிறுகளில் வரிசையாகப் பூஜ்யம். வெள்ளையன் சொன்னது அப்படியே இருந்தது, யாரும் பார்க்காமல். சிவப்புக் கோட்டையும் அழித்தாள்.

வியாழக்கிழமை ஓட்டை விழுந்த அந்த வரைபடத்தோடுதான் போனாள். மற்ற நாட்கள் எங்கே என்று ஆசிரியர் கேட்டாராம். தன் அப்பாவுக்குச் சோம்பல் என்று பதில் சொல்லி, முழுக் கதையையும் விளக்கியிருக்கிறாள். இந்த நாட்டில் அதற்கு நல்ல மதிப்பெண் போடுகிறார்கள்.

விமானம் பற்றிய முடிவு மாறவில்லை. நானும் கெஞ்சவில்லை. என் பெட்டியை அடுக்கும்போது வந்து நின்று இரண்டு வேலை கொடுத்தாள். "அந்த மழைமானி இன்னும் இருந்தா, இருக்கிற நாளெல்லாம் எட்டரைக்குப் போய்ப் பாத்து எனக்கு அனுப்பு. இன்னொண்ணு, என்கிட்ட சொன்னது போதாது. வெள்ளையன்கிட்ட சொல்லு."

6

மழைமானி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இப்போது கான்கிரீட் மாடி வந்துவிட்டது, சூரியத் தகடு வைத்த புதுக் கருவி ஒன்று மாடியில் தானாகவே அளக்கிறது. பழையது கொல்லையில் நின்றது. புனலுக்குள் எறும்புப் புற்று. கழுவித் துடைத்து நிறுத்தினேன். அண்ணன் பார்த்துவிட்டு, என் செல்லப் பெயரைச் சொல்லி, "இன்னாடா தானி, கல்யாண வூட்ல ஆயிரம் வேல கீது, நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்றான். சொன்னேன். உடனே போய்க் கண்ணாடிக் குழலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான், அவன்தான் பத்திரமாக வைத்திருந்தான்.

தை மாதம், காய்ந்த வானம். ஒவ்வொரு நாளும் எட்டரைக்குப் போய்ப் பார்த்து 0.0 என்று எஸ்தருக்கு அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி வந்தது: 'நேர்ல பாத்தியா?' பார்த்தேன் என்று எழுதுவேன். 'படம் அனுப்பு' என்று வரும். காலிக் குழலை எட்டு நாள் எட்டுப் படம் எடுத்தேன்.

வெள்ளையனுக்கு எண்பதை நெருங்கும் வயது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பத்திரிகை வைக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று விமானத்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. ஜீப், காகிதம், கோவில் பலகை, நான் என்று நாலே வரியில் சொல்லிவிட்டேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கோயில்ல மாட்டுவாங்களே, அந்த நெம்பரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கலாமோ என்று பார்த்தேன். அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வருசந்தான் தம்பி ஏர்மாட்ட வித்துட்டுக் கொடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போனன். ஆறு வருசம்."

"தெரியாம பண்ணிட்டேங்க. மன்னிச்சிடுங்க."

"சின்னப் புள்ள, உனுக்கு இன்னா தெரியும்?" வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அந்த ஆளு ஒரு தபா எழுந்து வந்து என் கெணத்த எட்டிப் பாத்திருந்தா போதும். முப்பது அடிகூட இல்ல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றார்.

கல்யாணத்தன்று விடியும்போது ஓட்டின்மேல் சத்தம் கேட்டது. தை மாதத்தில் மழை. சமையல்காரர்கள் அடுப்புக்குத் தார்ப்பாய் தேடி ஓடினார்கள், பந்தலில் தண்ணீர் தொப்பை போட்டது. எட்டு மணிக்குக் கோவிலுக்குக் கிளம்ப வேண்டும். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு கொல்லை வழியாக இறங்கினேன். "டேய், பொண்ணு கெளம்புது, எங்கடா போற?" என்று அண்ணன் கத்தினான். பிறகு அவனே, "எட்டரைக்குத்தான் அளக்கணும், அதுக்கு முன்னாடி அளந்துட்டு வந்துடாத" என்றான். என்னை விட்டுவிட்டுக் கார்கள் போயின.

அரைமணி நேரம் அந்தக் கொல்லையில் நின்றேன். அட்டை இரண்டு ஏறியது. வெள்ளையனின் கிணறு அங்கிருந்தே தெரிந்தது. எட்டரைக்குப் பாட்டிலை எடுத்து, குழலில் ஊற்றி, கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். 6.9.

எங்கள் பலகையில் தொங்கவே முடியாத எண். படம் எடுத்து அனுப்பினேன். அவளுக்கு அங்கே விடியக்கூட இல்லை, இருந்தாலும் உடனே பதில் வந்தது. 'தை மாசத்துல மழையா? இப்போவாவது நம்புறியா?'

'ஒரு நாள் மழைய வெச்சி எதுவும் சொல்ல முடியாது. மனசுக்கு மட்டும் பயமா கீது' என்று எழுதினேன்.

கோவிலில் முதல் பாட்டு தொடங்கியது இங்கேவரை கேட்டது. பிறகு அவள் பதில் வந்தது.

'சரி. நாளைக்கும் பாரு.'

மறுநாள் சாயங்காலம் எனக்கு விமானம். அண்ணனிடம் குழலைக் கொடுத்து அந்த வேலையை ஒப்படைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.